கறுப்பு அலுமினியக் கேமராவில் விழுந்த கீறல்களைச் சரிசெய்தல்

அலுமினிய உடல் கொண்ட கேமராவில் கீறல் விழுந்துவிட்டால், பெரும்பாலானோர் முதலில் கையில் எடுப்பது உப்புத்தாளையோ உலோகத்தை மினுக்கும் பசையையோதான். பூச்சு எதுவும் இல்லாத வெறும் அலுமினியத்துக்கு அது பொருந்தலாம். கறுப்பு நிறத்தில் அனோடைஸ் செய்யப்பட்ட உடலுக்கு அதுவே கேடாக முடியும். அங்கே நம் கண்ணுக்குத் தெரியும் கறுப்பு மேலே பூசிய வண்ணம் அன்று. அலுமினியத்திலிருந்தே வளர்த்தெடுத்த ஆக்சைடு படலத்துக்குள் ஊறி நிற்கும் சாயம். படலம் போன இடத்தில் அதை மறுபடி வளர்க்க வீட்டில் வழி கிடையாது. கீறலின் ஓரங்களைத் தேய்த்துச் சமப்படுத்த முயன்றால், மெல்லிய வெள்ளைக் கோடாக இருந்தது விரலகலத் திட்டாக விரிந்துவிடும். ஆகையால் இந்த வேலையில் உலோகத்தைக் கூடியவரை தொடாமல், வெளிச்சத்தில் மின்னும் இடத்தை மட்டும் கறுப்பாக்குவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

கேமரா, யாங்கோனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் என் அத்தை மகனுடையது. 2012இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடல். 1 அங்குல வகை சென்சார், 20.2 மெகாபிக்சல், மின்கலமும் அட்டையும் சேர்த்து 240 கிராம் எடை. கல்யாண வீடு, காவடி, தீமிதி என்று எங்கே போனாலும் அத்தான் இதைச் சட்டைப்பையிலோ தோள்பையிலோ வைத்திருப்பார். சாவிக்கொத்தும் சில்லறையும் அதே பையில்தான் கிடக்கும். ஒருமுறை கோயில் படிக்கட்டில் விழுந்து, மேல்பக்கத்தின் வலது மூலை நசுங்கியிருந்தது. படம் எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. லென்ஸும் திரையும் நன்றாகவே இருந்தன.

“முழுசையும் தேய்ச்சு வெள்ளியாக்கிடு மாப்ளே, பழைய கேமரா மாதிரி அழகா இருக்கும்” என்றார் அத்தான்.

“வேணாம் அத்தான். பொத்தானும் டயலும் கறுப்பாவே நிக்கும், எழுத்தெல்லாம் போயிடும். கை வேர்வை பட்டா வெறும் அலுமினியம் மங்கிப் புள்ளி விழும்” என்று சொல்லிப் பார்த்தேன். முதலில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. பழுதாகிப்போன ஒரு பழைய டார்ச் விளக்கின் அனோடைஸ் குழாயைப் பாதி தேய்த்துக் காட்டிய பிறகுதான் சரி என்றார். தேய்த்த பாதியை அவர் சிறிது நேரம் கையில் வைத்திருந்ததற்கே உள்ளங்கையில் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டது.

அனோடைஸ் படலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் செய்த ஒவ்வொரு வேலையும் அதைப் புரிந்துகொண்டதிலிருந்தே வந்தது. அலுமினியம் காற்றுப் பட்ட உடனேயே தன் மேல் ஓர் ஆக்சைடு படலத்தைத் தானாக உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அதன் தடிமன் சில நானோமீட்டர்களே. தொழிற்சாலையில் அந்தப் பொருளைக் கந்தக அமிலக் கரைசலில் மூழ்கவைத்து, நேர்மின்முனையாக இணைத்து மின்சாரம் செலுத்தும்போது அந்தப் படலம் மைக்ரான் கணக்கில் வளர்கிறது. அழகுக்காகச் செய்யப்படும் அனோடைஸ் பொதுவாக 5 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும். நம் தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை வைத்து இதை மதிப்பிட்டுக்கொள்ளலாம். வளரும் படலம் தேனடையைப் போல் நுண்துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளில் சாயத்தை ஏற்றிய பின், கொதிநிலையை ஒட்டிய வெந்நீரில் வைத்துத் துளைவாயை அடைக்கிறார்கள். இவ்வாறு அடைபட்டுவிட்ட படலத்தில் வெளியிலிருந்து எந்தச் சாயமும் இறங்காது. அலுமினியம் மென்மையான உலோகம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 3ஐக்கூட எட்டாது. அதே அலுமினியத்தின் ஆக்சைடு படலமோ அதைவிட மிகக் கடினம். மெல்லிய கடின ஓட்டின் அடியில் மென்மையான உடல் இருப்பதால், பலமான அடி விழுந்தால் அடியிலுள்ள உலோகம் நசுங்கி, மேலோடு நொறுங்கி உதிர்கிறது.

இந்தக் கடினத்தால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. சாவியின் பித்தளையும் நாணயத்தின் உலோகமும் ஆக்சைடு படலத்தைவிட மென்மையானவை. அவை உரசும்போது பல இடங்களில் படலம் கீறுபடுவதில்லை. மாறாகச் சாவிதான் தேய்ந்து, தன் உலோகத்தைப் படலத்தின் மேல் கோடாக ஒட்டவைத்துவிட்டுப் போகிறது. பார்வைக்கு அது கீறலாகவே தெரியும். போஜோக் சந்தையில் கல் பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு பூதக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி, மேசை விளக்கைத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். முன்பக்கத்திலிருந்த சாம்பல் கோடுகளில் பெரும்பாலானவை பள்ளம் இல்லாமல் பரப்பின் மேல் படிந்திருந்தன. வெள்ளை அழிரப்பரின் ஓரத்தைச் சீவிக் கூராக்கி, கோட்டின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தபோது அவை அழிரப்பரில் கறுப்புத் தூளாக வந்துவிட்டன. எஞ்சியவை ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்கு விட்டன. கேமராவைப் பார்த்து மனம் நொந்திருந்த அத்தானுக்கு இந்த ஒரு வேலையிலேயே பாதி நிம்மதி கிடைத்தது.

பாத்திரம் துலக்கும் எஃகுக் கம்பிப் பஞ்சை இந்த இடத்தில் எடுக்கவே கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, எங்கள் ஊர் ஈரத்தில் துருப்பிடித்து, அந்த இடத்திலேயே அலுமினியத்தையும் அரிக்கத் தொடங்கும். தவிர, பொத்தான் இடுக்கு வழியாக உள்ளே விழும் ஒரு கம்பித் துணுக்கு மின்சுற்றைக் கெடுத்துவிடக்கூடும். கறை துடைக்கும் மெலமைன் பஞ்சு அவ்வளவு கெடுதல் செய்யாது என்றாலும், மங்கலான பரப்பை அங்கங்கே பளபளப்பாக்கிவிடும். அதையும் தவிர்த்தேன்.

அழிந்தவை போக மீதியிருந்த கோடுகளில் எது உலோகம் வரை இறங்கியது, எது படலத்தோடு நின்றது என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க முடியவில்லை. அதற்கு மல்டிமீட்டர் கைகொடுத்தது. அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. வெறும் அலுமினியம் நன்றாகக் கடத்தும். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒரே கீறலின் மேல் அழுத்தாமல் வைத்தால், ஒலி கேட்குமிடம் உலோகம் வெளியே தெரியுமிடம். முனை கூர்மையாக இருந்தால் அதுவே படலத்தைத் துளைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு முனையிலும் மெல்லிய செம்புக்கம்பியை வளையமாகச் சுற்றி, அந்த வளையம் மட்டும் தொடும்படி செய்தேன். ஒலித்த இடங்களைத் தாளில் படம் போட்டுக் குறித்துக்கொண்டேன். மேல்பக்க விளிம்பில் நீளமாக ஒன்று, அடிப்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சில, நசுங்கிய மூலை ஆகியவையே உண்மையில் வேலை கேட்டவை. ஒலிக்காத இடங்களில் எண்ணெய்ப் பசையைத் துடைத்ததோடு விட்டுவிட்டேன். அங்கே சாயம் அப்படியே இருக்கிறது; பரப்பின் மினுமினுப்புதான் சற்று மாறியிருக்கிறது. அதன் மேல் எந்த வண்ணத்தை வைத்தாலும் கூடுதலாகத்தான் தெரியும்.

வேலை தொடங்குமுன் கேமராவை மூடிப் பாதுகாத்த முறையைச் சொல்கிறேன். மின்கலத்தையும் அட்டையையும் எடுத்துவிட்டேன். லென்ஸ் வளையம், மைக், ஸ்பீக்கர் துளைகள், பொத்தான் இடுக்குகள் எல்லாவற்றையும் ஒட்டுவலு குறைந்த மாஸ்கிங் டேப்பால் மூடினேன். அச்சிட்ட வெள்ளை எழுத்துகளுக்கு அருகே ஆல்கஹாலைக் கொண்டுபோகவில்லை. உடலைப் பிரித்து வேலை செய்யலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். ஃபிளாஷ் உள்ள கேமராக்களில் அதற்கான மின்தேக்கி சுமார் 300 வோல்ட் வரை ஏற்றம் பெறும்; மின்கலத்தை எடுத்த பிறகும் அந்த ஏற்றம் சில காலம் தங்கியிருக்கும். வெளிக்கீறலுக்காக அந்த ஆபத்துக்குப் போக வேண்டியதில்லை.

நசுங்கிய மூலைதான் கடினமான பகுதி. அடி விழுந்த இடத்தில் உலோகம் உள்ளே ஒடுங்கியதோடு, ஓரத்தில் வெளியே பிதுங்கிப் பிசிறாக நின்றது. விரலை வைத்தால் கீறும். இதை அரத்தால் ராவி எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் நகை வேலை செய்யும் வயதான பத்தரிடம் காட்டியபோது அவர் வேறு வழி சொன்னார்.

“ராவாதே தம்பி. இது வெளிய வந்த உலோகம், காணாமப்போன உலோகம் இல்ல. அமுக்கி அது இருந்த இடத்துக்கே அனுப்பு. அப்புறம் மிச்சம் இருந்தா பாத்துக்கலாம்.”

தங்கத்தை மெருகேற்ற அவர் வைத்திருக்கும் வழவழப்பான எஃகுக் கோல் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அதன் முனை கண்ணாடி போல் மழமழவென்று இருந்தது. ஒரு துளி எண்ணெய் தொட்டு, பிசிறின் வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாக, சிறு சிறு அழுத்தமாகத் தள்ளிக்கொண்டே போனால், மென்மையான அலுமினியம் அசைந்து கொடுத்துப் பழைய வளைவுக்குத் திரும்புகிறது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டு ஒளியில் விழும் நிழல் குறைந்துகொண்டே வருவதை வைத்துத்தான் அறிய முடியும். வேகப்பட்டால் உலோகம் மடிந்து மடிப்பாகிவிடும் என்று பத்தர் எச்சரித்திருந்ததால், பல நாள் மாலை நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகவே செய்தேன். முடிவில் மூலையின் ஒடுக்கு சிறிது மீந்தது. பிசிறு முழுவதும் அடங்கிவிட்டது. மிஞ்சிய சொரசொரப்பை மட்டும், பல்குச்சியின் தட்டை முனையில் ஒட்டிய 1000 எண் உப்புத்தாள் துண்டால், சோப்புநீர் தொட்டு, வெறும் உலோகம் தெரியும் எல்லையைத் தாண்டாமல் தேய்த்தேன். அலுமினியத் தூள் உப்புத்தாளின் மணலிடையே அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. சோப்புநீர் அதைத் தடுக்கும். தேய்க்கும் இடம் எப்போதும் கீழ்நோக்கி இருக்குமாறு கேமராவைப் பிடித்தேன்; தூளும் நீரும் உள்ளே போகாமல் வெளியே விழும்.

அடுத்தது கறுப்பாக்குதல். வெறும் அலுமினியத்தின் மேல் நேரடியாக வண்ணம் வைத்தால் நிலைக்காது. சில மாதங்களில் செதிலாகப் பெயர்ந்துவிடும். பெயர்ந்தால் அடியில் பழைய வெள்ளை மறுபடியும் பளிச்சிடும். ஆகவே முதலில் உலோகத்தையே கறுக்கவைக்கும் திரவத்தைப் பயன்படுத்தினேன். துப்பாக்கிகளின் அலுமினியப் பாகங்களைத் தொட்டுத் திருத்துவதற்கென்று விற்கப்படும் இந்த வகைத் திரவத்தில் செலினியம் சேர்மம் இருக்கிறது. அது உலோகத்தோடு வினைபுரிந்து கறுத்த படிவை உண்டாக்குகிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒரு சிறு புட்டி வாங்கி வந்திருந்தார். இது நஞ்சு. கையுறை அணிந்து, சன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகள் இல்லாத நேரத்தில் மட்டுமே புட்டியைத் திறந்தேன்.

உலோகத்தில் கைரேகையளவு எண்ணெய் இருந்தாலும் கறுப்புத் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்ததும், பல்குச்சி நுனியில் சுற்றிய சிறு பஞ்சால் திரவத்தைக் கீறலுக்குள் மட்டும் தொட்டுவைத்தேன். வெள்ளைக் கோடு சில நொடிகளில் பழுப்பாகி, சாம்பலாகி, பிறகு கறுத்தது. பக்கத்திலுள்ள அனோடைஸ் பரப்பில் இந்தத் திரவம் வேலை செய்யாதது பெரிய வசதி. படலம் போன இடம் எதுவோ அது மட்டுமே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நிமிடத்துக்குப் பின் நீர் தொட்ட பஞ்சால் பலமுறை துடைத்தேன். கேமராவைக் குழாயடியில் கழுவ முடியாது. திரவத்தின் எச்சம் தங்கினால் அதுவே அரிப்புக்கு இடமாகும் என்பதால், துடைக்கும் பஞ்சில் கறை வருவது நிற்கும் வரை விடவில்லை. ஆழமான கோடுகளுக்கு இதையே மறுபடி செய்தேன்.

இந்தக் கறுப்பு உராய்வைத் தாங்காது. நகத்தால் அழுத்தித் தேய்த்தாலே மங்கும். அதன் மேல் காப்பாக வண்ணம் வேண்டும். இங்கேதான் யாங்கோனின் வானிலை குறுக்கே வந்தது. வைகாசித் தொடக்கத்தில் வரும் மழை ஐப்பசி வரை விடாது, சுவரே வேர்க்கும். வேகமாக ஆவியாகும் தின்னர் கலந்த லேக்கர் வண்ணங்களை அந்த ஈரத்தில் பூசினால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் நீர் அதில் படிந்து, கறுப்பு வெண்மை பாய்ந்து போகும். மெதுவாக உலரும் எனாமலுக்கு இந்தக் குறை குறைவு. நேரம்தான் அதிகம் எடுக்கும். சூரத்தி பஜார் பக்கத்துக் கடையில் மினுக்கமில்லாத கறுப்பு எனாமல் வாங்கி, டர்பன்டைன் கலந்து இளக்கிக்கொண்டேன்.

பர்மாவில் இருந்துகொண்டு கறுப்புப் பூச்சு என்றதும் பகானின் அரக்கு வேலைப்பாடு நினைவுக்கு வராமல் இருக்காது. தித்சி என்று இங்குள்ளவர்கள் சொல்லும் மரப்பாலைக் கொண்டு செய்யப்படும் அந்தப் பூச்சு, எனாமலுக்கு நேர்மாறாக, ஈரக்காற்றில்தான் நன்றாக இறுகும். அதற்காகவே பொருள்களை நிலத்தடி அறைகளில் வைக்கிறார்கள். இந்த மழைக்கு அதைவிடப் பொருத்தமான கறுப்பு எது என்று எனக்கும் ஆசை எழுந்தது. ஆனால் உலோகத்தின் மேல் இவ்வகை மரப்பால் உறுதியாகப் பிடிக்க வேண்டுமானால் சூடேற்றிச் சுட வேண்டும். ஜப்பானில் இரும்பின் மேல் அப்படித்தான் செய்தார்கள். 40 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாத கேமராவுக்கு அது ஆகாது. உலராத மரப்பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும் என்பதும் உண்டு. அந்த எண்ணத்தை அத்துடன் விட்டேன்.

வண்ணத்தில் நிறத்தைவிட மினுமினுப்பு ஒத்துப்போவதே முக்கியம் என்பதை டார்ச் குழாயின் மேல் செய்த சோதனையில் கண்டேன். கறுப்பில் சிறு வேறுபாடு இருந்தாலும் கண் பொறுத்துக்கொள்கிறது. மங்கலான பரப்பில் பளபளக்கும் ஒரு கோடு இருந்தால் அது தூரத்திலிருந்தே தெரிகிறது. தையல் ஊசியின் நுனியில் எனாமலைத் தொட்டு, கீறலின் ஒரு முனையில் வைத்தால், அது தானாகவே பள்ளத்தில் ஓடி நிரம்புகிறது. பள்ளத்துக்கு வெளியே வழிந்ததை, மூங்கில் சிம்பைக் கத்தியால் உளிபோல் தட்டையாகச் சீவி, டர்பன்டைன் மிகச் சிறிதே தொட்டு, கீறலுக்குக் குறுக்காக ஒரே இழுப்பில் வழித்து எடுத்தேன். மூங்கில் அனோடைஸ் படலத்தைவிட மென்மையானதால் எத்தனை முறை இழுத்தாலும் கோடு விழாது. எனாமல் உலரும்போது சுருங்குவதால், ஒரு தடவையில் நிரப்பாமல் மெல்லிய படிவுகளாகவே வைத்தேன். ஒவ்வொரு படிவுக்குப் பின்னும், மூடியுள்ள நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேமராவை வைத்து, எனாமல் உயிர்வளியை எடுத்து இறுகுமாறு அவ்வப்போது திறந்து காற்றை மாற்றினேன். அடிக்கடி மின்சாரம் நின்றுபோவதால் மின்விளக்கின் சூட்டை நம்பி உலர்த்தத் திட்டமிட முடியாது. சிலிக்கா ஜெல்லுக்கு மின்சாரம் வேண்டாம்.

மூலையில் கோடாக இல்லாமல் திட்டாகவே உலோகம் தெரிந்ததால், அங்கே ஊசி போதவில்லை. சிறு தூரிகையின் பக்கவாட்டால் தொட்டுத் தொட்டு வைத்து, ஈரமாக இருக்கும்போதே நுரைப்பஞ்சுத் துணுக்கால் மெல்ல ஒற்றினேன். ஒற்றியதில் உண்டான நுண்ணிய மேடுபள்ளம், தொழிற்சாலையில் பரப்புக்குக் கொடுக்கும் மங்கலுக்கு மிக நெருக்கமாக வந்தது. ஒடுக்கு கையில் தட்டுப்படுகிறது, கண்ணில் படுவதில்லை.

எல்லா அலுமினியக் கேமராவுக்கும் இந்த வழி பொருந்தாது. என்னிடமுள்ள பழைய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவின் உடல் வார்ப்பு அலுமினியம். அதன் மேல் இருப்பது வண்ணப்பூச்சு. வார்ப்புக் கலவைகளில் சிலிக்கன் அதிகம் இருப்பதால் அவற்றை அனோடைஸ் செய்தால் திட்டான சாம்பல் நிறமே கிடைக்கும். ஆகவே வண்ணம் பூசுவதே வழக்கம். அதன் மூலைகளில் பூச்சு தேய்ந்து வெள்ளை தெரிந்த இடத்தில், ஓரங்களை 800 எண் தாளால் தாராளமாகச் சரிவாக்கி, அலுமினியத்தில் பற்றும் அமிலப் பிரைமரை உடனே பூசி, அதன் மேல் வண்ணம் கொடுத்தேன். உடனே என்பது இங்கே முக்கியம். தேய்த்த பரப்பைக் காற்றில் காக்கவைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பற்று குறையும். பித்தளைத் தகடு கொண்ட பழைய லைக்கா போன்றவற்றில் கறுப்பு தேய்ந்து பொன்னிறம் தெரிவதை அழகென்று பலர் அப்படியே விடுகிறார்கள். அலுமினியத்தில் தெரிவது வெறும் வெள்ளை. அதை மறைக்க விரும்புவது இயல்புதான்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்தபோது அத்தானிடம் ஒன்றே கேட்டுக்கொண்டேன். அவருக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. அனோடைஸ் படலம் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவில் ஏறக்குறைய 4 முதல் 8.5 வரைக்குள்தான் உறுதியாக நிற்கும். சுண்ணாம்போ அதற்கு மிக மேலே, 12ஐத் தாண்டிய காரம். சுண்ணாம்பு ஒட்டிய விரலால் பிடித்த கேமராவில் நாளடைவில் வெளுத்த தடங்கள் விழும், அவற்றை எந்த வழியிலும் மீட்க முடியாது. “கையத் துடைச்சிட்டு எடுக்கறேன் மாப்ளே” என்று ஒப்புக்கொண்டார். சாவிக்கொத்தும் வேறு பைக்கு மாறியது.

அதற்குப் பின் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. அடிப்பக்கக் கீறல்களில் வைத்த எனாமல் அசையாமல் இருக்கிறது. வலது மூலையில், விரல் எப்போதும் படும் இடத்தில், எனாமல் சற்றுத் தேய்ந்திருக்கிறது. ஆனால் அடியில் செலினியக் கறுப்பு இருப்பதால் வெள்ளை தெரியவில்லை, அடர்ந்த சாம்பலாகத்தான் தெரிகிறது. அந்த மூலைக்கு மட்டும் பனிக்காலத்தில், காற்று உலர்ந்த பிறகு, மறுபடி ஒரு மெல்லிய படிவு வைக்க எண்ணியிருக்கிறேன். கலந்த எனாமலில் மிஞ்சியதைச் சிறு கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, கேமராவின் பெயரை ஒட்டி வைத்திருக்கிறேன்.